பாத்ரூம் தரை: டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி எந்தக் கோளாறுக்கு என்ன பண்ணணும்

பெங்களூருல பத்து பதினஞ்சு வருஷம் ஆன ஃப்ளாட்ல இருக்கிற நம்ம ஆளுங்க இப்போ வரிசையா பாத்ரூம உடைச்சு புதுசு பண்ணிட்டு இருக்காங்க. டைல்ஸ் டிசைன் பாக்கறதுக்கு கடை கடையா ஏறி இறங்கறாங்க, ஆனா அந்த டைல்ஸ் உக்காரப்போற தரைய ஒரு மணி நேரம் குனிஞ்சு பாக்க யாருக்கும் பொறுமை இல்ல. நான் இங்க ரெனவேஷன் வேலைய மேல்பார்வை பாக்கறவன், எனக்கு வர்ற கம்ப்ளைன்ட்ல டைல்ஸ் மேல தப்பு இருந்து பாத்தது ரொம்பக் கம்மி, தோண்டிப் பாத்தா கீழ இருக்கற தரைதான் காரணமா இருக்கும். மேல க்ரவுட் (டைல்ஸ் இடுக்குல அடைக்கற கலவை) மாத்தி, சிலிக்கான் அடிச்சு, ஆசிட் ஊத்திக் கழுவி, எதுவும் நிக்காது.

பழைய டைல்ஸ பேத்து, குப்பைய மூட்டை கட்டி இறக்கின அப்புறம் புது டைல்ஸ் வர்றவரைக்கும் தரை வெறுமையா கிடக்கும் பாருங்க, அந்த இடைப்பட்ட நாள்தான் உங்க கையில இருக்கற நேரம். கண்ணுக்கு என்ன தெரியுது, காதுக்கு என்ன கேக்குதுன்னு வெச்சே கோளாற பிடிச்சிடலாம். உங்க வீட்ல எந்த அறிகுறி இருக்கோ அத மட்டும் படிச்சாலும் சரி, ஆனா முதல்ல இருக்கற கீழ்வீட்டு ஈரம் பத்தின பகுதிய எல்லாரும் படிச்சிருங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஃப்ளாட் பாத்ரூம்ல கான்க்ரீட் ஸ்லாப் மத்த ரூம விட 8 இஞ்ச்லேருந்து 1 அடி வரைக்கும் இறங்கி இருக்கும், சங்கன் ஸ்லாப்னு சொல்லுவாங்க. அந்தப் பள்ளத்துல பைப் ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேல ஒரு சாந்து லேயர் போட்டு (ஸ்க்ரீட்), அதுக்கு மேலதான் டைல்ஸ். அதனால டைல்ஸ் ஜாயின்ட்ல இறங்கற தண்ணி உடனே கீழ்வீட்டுக்குப் போகாது, அந்தப் பள்ளத்துல சேந்துக்கிட்டே இருக்கும், ஒரு நாள் வழி கிடைச்சதும் கொட்டும்.

கீழ்வீட்டு சீலிங்ல ஈரம், பெயிண்ட் உரியுது, சொட்டுது

இத மட்டும் உடைக்கறதுக்கு முன்னாடி, பழைய டைல்ஸ் இருக்கும்போதே டெஸ்ட் பண்ணணும். தண்ணி மூணு வழியில வரலாம், ஒண்ணு குழாய்க்கு வர்ற பைப், ரெண்டு ட்ராப்பும் (தரைத் தண்ணி இறங்கற ஜாலிக்கு அடியில இருக்கற கிண்ணம்) கழிவு பைப்பும், மூணு தரை. எதுன்னு தெரியாம உடைச்சா மூணுக்கும் காசு கொடுக்கணும்.

பாத்ரூம மூடிட்டு யாரும் உபயோகிக்காம விடுங்க, ஆனா பாத்ரூமுக்குத் தண்ணி வர்ற வால்வ திறந்தே வைங்க. கீழ சொட்டறது அதே வேகத்துல தொடர்ந்தா குழாய் பைப் மேலதான் சந்தேகம், ஏன்னா அதுல மட்டும்தான் 24 மணி நேரமும் ப்ரஷர் நிக்குது. வால்வ மூடிப் பாருங்க, குறைஞ்சா உறுதி. இதுல அவசரப்படாதீங்க, பள்ளத்துல ஏற்கனவே தேங்கின தண்ணி வடியறதுக்கே ஒரு வாரம்கூட ஆகும், ரெண்டாம் நாளே நிக்கலன்னு பைப்பு மேல பழி போட்டு சுவத்த உடைக்கறவங்கள பாத்திருக்கேன்.

உபயோகிக்காதப்போ சொட்டறது நின்னு போச்சுன்னா பைப் நல்லாருக்கு, தரையோ ட்ராப்போதான். இப்போ ட்ராப் வாய துணி, பாலிதீன் வெச்சு டைட்டா அடைச்சு, வாசல்ல சின்னதா ஒரு சாந்து வரப்பு கட்டி, தரையில 1 இஞ்ச் தண்ணி நிறுத்துங்க. கொஞ்சம் ஃபுட் கலர் கலந்து விட்டா கீழ வர்றது இந்தத் தண்ணிதானான்னு பல நேரம் நிறத்துலயே தெரியும். 48 மணி நேரத்துல கீழ ஈரம் கூடினா தரை போச்சு. கூடலன்னா அடைப்ப எடுத்துட்டு பக்கெட் பக்கெட்டா நேரா ட்ராப்புக்குள்ளயே ஊத்துங்க, அப்போ ஈரம் வந்தா ட்ராப் ஜாயின்ட் இல்ல கழிவு பைப்.

பைப்தான்னா ப்ளம்பர்கிட்ட கைப்பம்ப் வெச்சு ப்ரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ ப்ரஷர்னு கணக்கு, மொட்டை மாடி டேங்க் உங்க வீட்லேருந்து 30 மீட்டர் மேல இருந்தா 3 கிலோ வருது, அதுல ஒண்ணரை மடங்கு வெச்சு ரெண்டு மணி நேரம் பம்ப் மீட்டரோட முள்ளு இறங்காம நிக்கணும். ப்ரஷர் பம்ப் போட்ட பில்டிங்னா அந்த பம்ப்போட ப்ரஷர்லேருந்து கணக்கு போடுங்க.

தரைதான் போச்சுன்னா சுருக்கு வழி எதுவும் கிடையாது. பள்ளத்துல இருக்கற எல்லாத்தையும் எடுத்து ஸ்லாப் வரைக்கும் போகணும். 5க்கு 8 அடி பாத்ரூம், 1 அடி ஆழம்னா 40 கன அடி, கிட்டத்தட்ட 2 டன் குப்பை, அத லிஃப்ட்ல இறக்க அசோசியேஷன் விடுமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. ஸ்லாப்ப பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, பைப் ஸ்லாப்பையும் சுவத்தையும் துளைச்சுப் போற ஒவ்வொரு இடத்தையும் நான்-ஷ்ரிங்க் க்ரவுட் (காஞ்சாலும் சுருங்காத சிமெண்ட் கலவை) வெச்சு அடைச்சு, சுவரும் தரையும் சேர்ற மூலையில சாந்தால ஒரு சரிவு உருட்டி, அதுக்கு மேல வாட்டர் ப்ரூஃபிங் ரெண்டு கோட். தண்ணி கட்டி டெஸ்ட் பண்ணி, அப்புறம் பைப், அப்புறம் நிரப்பறது, ஸ்க்ரீட், மறுபடி ஸ்க்ரீட் மேல ரெண்டு கோட், மறுபடி தண்ணி டெஸ்ட். ரெண்டு தடவையும் வேணும். கீழ போட்டாச்சே, மேல எதுக்குன்னு கேப்பாங்க. மேல கோட் இல்லன்னா நிரப்பின ஜல்லி பூரா வருஷக்கணக்கா ஈரத்துல ஊறும், அதுலேருந்துதான் நாத்தமும் உப்பும் கிளம்புது. சில பில்டர் பள்ளத்துல தேங்கற தண்ணி வெளிய வர்றதுக்கு ஒரு சின்ன பைப்ப ஷாஃப்ட் (பைப்பெல்லாம் இறங்கற வெளிச் சந்து) பக்கம் விட்டிருப்பாங்க, அத தெரியாம அடைச்சிடாதீங்க.

பேத்தெடுத்த பழைய டைல்ஸ் துண்டு, பூச்சு கட்டியெல்லாம் திரும்ப பள்ளத்துலயே கொட்டறதுக்கு ஆளுங்க ரொம்ப ஆசைப்படுவாங்க, இறக்கற கூலி மிச்சம்ல. விடாதீங்க. அது சீரா உக்காராது, நாளாக நாளாக இறங்கும், கூர்மையான துண்டு கீழ போட்ட கோட்டிங்கையும் கிழிச்சிடும். நல்லா நனைச்ச செங்கல் ஜல்லிய சாந்தோட கலந்து, லேயர் லேயரா போட்டுக் கெட்டிக்கணும்.

தட்டினா காலிச் சத்தம் வருது

சின்ன சுத்தியலோட பின்பக்கமோ, கரணைக் கைப்பிடியோ போதும். அரை அடிக்கு ஒரு தட்டு, தரை பூரா தட்டிட்டே போங்க. "டிக் டிக்"னு கெட்டியா கேட்டா சரி, "டொப்பு டொப்பு"னு கேக்கற இடத்த சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. எல்லாம் முடிஞ்சதும் நின்னு மொத்தமா பாருங்க, வட்டமெல்லாம் எங்க சேந்திருக்குன்னு பாத்தாலே காரணம் தெரிஞ்சிரும். அங்கங்க சிதறிக் கிடந்தா ஸ்க்ரீட் போடும்போது கீழ தூசி கூட்டாம, நனைக்காம போட்டிருக்காங்க, சாந்து பிடிக்கல. ட்ராப்ப சுத்தியும் பைப் போற லைன்லயும் மட்டும் இருந்தா கீழ நிரப்பினது இறங்கி காலி விழுந்திருக்கு, அங்க ஏறி நின்னு காலால அழுத்தினா லேசா அசையறது தெரியும்.

சின்னச் சின்ன இடம்னா அத மட்டும் சதுரமா வெட்டி எடுத்து, தூசிய ஊதித் தள்ளி, நனைச்சு, எஸ்பிஆர் லேட்டக்ஸ் (சாந்து நல்லா பிடிக்கச் சேக்கற பால் மாதிரி திரவம்) கலந்த சிமெண்ட் பால் அடிச்சு அது காயறதுக்குள்ள சாந்து போடுங்க. காஞ்ச பால் மேல சாந்து போட்டா நடுவுல ஒரு தாள் வெச்ச மாதிரிதான், பிடிக்காது. தரையில மூணுல ஒரு பங்குக்கு மேல வட்டம் விழுந்தா ஒட்டு போடாதீங்க, முழுசா எடுத்திருங்க. அசையற இடத்துக்கு மேல்பூச்சே வேண்டாம், கீழ தோண்டித்தான் ஆகணும்.

ஆணியால கீறினா பொடியா உதிருது

ஆணியால இல்ல ஸ்க்ரூ ட்ரைவரால அழுத்தி ஒரு பெருக்கல் குறி போடுங்க. வெறும் கோடு மட்டும் விழுந்தா தரை பலம். கோட்டோரம் உடைஞ்சு மணலா வந்தா, கையால தடவினா தூசி ஒட்டினா, அந்த ஸ்க்ரீட் டைல்ஸ தாங்காது. நீங்க எவ்வளவு விலை கொடுத்து அடெசிவ் (டைல்ஸ் ஒட்டற பசை) வாங்கினாலும் அது அந்தத் தூசியைத்தான் பிடிக்கும், தூசியோட சேந்து டைல்ஸ் கழண்டு வரும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா கலவைதான். தரைக்கு 1க்கு 4, ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, 1.25 கன அடி, அப்போ மணல் 5 கன அடிதான் வரணும். ஆளுங்க பாண்டு சட்டியில கண் மதிப்புக்கு அள்ளிப் போடறப்போ அது 1க்கு 7, 8ன்னு போயிடும். ஒரு பெட்டியோ பக்கெட்டோ அளந்து வெச்சு அதுலதான் போடணும்னு சொல்லிருங்க. இங்க இப்போ எல்லாமே எம் சாண்ட்தான், அதுல தூள் அதிகமா இருந்தா தண்ணி ஜாஸ்தி கேக்கும், தண்ணி ஜாஸ்தியானா மேல பால் மிதந்து வந்து காஞ்சதும் உரியும். இன்னொரு காரணம் க்யூரிங். சாயங்காலம் ஸ்க்ரீட் போட்டுட்டுப் போயிடுவாங்க, அடுத்த நாள் யாரும் தண்ணி விட மாட்டாங்க. குறைஞ்சது 7 நாள் ஈரம் காயாம வெக்கணும், ஈரக் கோணி போட்டு மூடுங்க, மேல ஒரு பாலிதீனும் போட்டா தண்ணி செலவும் கம்மி. டேங்கர் தண்ணிய எண்ணி எண்ணி உபயோகிக்கற ஏரியாவுல இதுதான் வழி.

மேல மட்டும் லேசா தூசி பறந்து கீழ கெட்டியா இருந்தா க்ரைண்டர் ஓட்டி மேல்தோல எடுத்து, வேக்குவம் போட்டு, ப்ரைமர் அடிச்சா போதும். உள்ளயும் மண்ணா இருந்தா எடுத்துட்டு புதுசு போடுங்க, வேற பேச்சே இல்ல.

தண்ணி ட்ராப்புக்குப் போகாம மூலையில நிக்குது

எங்க தண்ணி நிக்கும்னு டைல்ஸ் ஒட்டின அப்புறம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, ஸ்க்ரீட்லயே பாக்கணும். மக்குல தண்ணி எடுத்து நாலு மூலையிலயும் ஊத்துங்க, தானா நடந்து ட்ராப்புக்குப் போகணும், கையால தள்ளக்கூடாது. வாட்டம் 1 மீட்டருக்கு 10லேருந்து 12 எம்எம். ட்ராப்புலேருந்து தூர மூலை 2 மீட்டர்னா அங்க 20லேருந்து 24 எம்எம் உசரம் இருக்கணும். டியூப் லெவல் (தண்ணி நிரப்பின டியூப்) வெச்சு சுவத்துல சுத்தி ஒரு கோடு அடிச்சிட்டு, அந்தக் கோட்லேருந்து கீழ டேப் பிடிச்சு ஒவ்வொரு மூலையும் அளந்து சுவத்துலயே எழுதி வைங்க. ரசமட்டத்துல குமிழி லேசா நகர்றத வெச்சு வாட்டம் ஓகேன்னு சொல்றத நம்பாதீங்க.

வாட்டம் சரியில்லன்னு சொன்னா டைல்ஸ் போடறவர் "அதெல்லாம் பேஸ்ட்டுல தூக்கிக்கலாம் சார்"னு சொல்லுவாரு. அங்கதான் நீங்க நிக்கணும். அடெசிவ் 3லேருந்து 6 எம்எம் தடிமனுக்கு செஞ்சது, அத ஒரு பக்கம் 15, 20 எம்எம் ஏத்தினா காயறப்போ சுருங்கி டைல்ஸ இழுக்கும், உள்ள காலியும் விழும். "அண்ணே, வாட்டம் சாந்துல வரட்டும், ஒரு நாள் லேட்டானாலும் பரவால்ல, அந்த நாள் கூலி நான் தர்றேன்"னு சொல்லிருங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, அவங்க அவசரம் அடுத்த சைட்டுக்குப் போகணும்ங்கறதுதான்.

பல வீட்ல சாந்துல தப்பே இருக்காது, ட்ராப்பயே உசரமா வெச்சிருப்பாங்க. ப்ளம்பர் வந்த அன்னிக்கு ஃபினிஷ் லெவல் (டைல்ஸ் ஒட்டி முடிஞ்ச தரை மட்டம்) என்னன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. டைல்ஸ் 8லேருந்து 10 எம்எம், அடெசிவ் 5, வெளிய ரூம் தரைய விட பாத்ரூம் வாசல்ல 15லேருந்து 20 எம்எம் இறக்கம், அதுலேருந்து ட்ராப் வரைக்கும் வாட்டம், இத கழிச்சுக்கிட்டே வந்தா ட்ராப் எங்க உக்காரணும்னு ஒரு நம்பர் வரும். அத சுவத்துல எழுதிட்டு அப்புறம் ட்ராப்ப வைக்கச் சொல்லுங்க.

டைல் சைஸும் இதுல வருது. நடுவுல ட்ராப் வெச்சு நாலு பக்கமும் வாட்டம் கேட்டுட்டு 2க்கு 2 அடி டைல் எடுத்தா அது எப்படி வளையும்? ஒண்ணு 1 அடி டைல் எடுங்க, இல்ல ட்ராப்லேருந்து மூலைக்கு கோணலா வெட்டிப் போட ஒத்துக்கங்க, இல்ல ஒரு சுவரோரமா நீளமா ஒரு வடிகால் (ட்ரெயின்) வெச்சு ஒரே பக்கம் வாட்டம் கொடுங்க. பெரிய டைல்தான் வேணும்னா எனக்கு மூணாவதுதான் பிடிக்கும்.

விரிசல்

மெல்லிசா, வலை வலையா, எல்லா பக்கமும் ஓடினா அது சீக்கிரம் காஞ்சதால வந்தது. தட்டிப் பாத்து காலிச் சத்தம் இல்லன்னா ப்ரைமரும் கோட்டிங்கும் அடிச்சா அடங்கிடும். ஒரே நேர்க்கோடா, சுவரோரமா இல்ல புதுசா நிரப்பினதும் பழைய ஸ்லாப்பும் சேர்ற இடத்துல ஓடினா அது அசைவு. விரிசல் முடியற ரெண்டு முனையிலயும் பென்சில்ல குறி போட்டு தேதி எழுதுங்க, ஒரு வாரத்துல குறிய தாண்டிப் போனா இன்னும் நகருதுன்னு அர்த்தம். விரலால தடவிப் பாருங்க, ஒரு பக்கம் உசரமா தட்டுப்பட்டா கீழ இறங்கியிருக்கு.

நகராத விரிசல்னா வி மாதிரி 5, 6 எம்எம் கீறி, தூசி எடுத்து, பாலிமர் சாந்து அடைச்சு, மேல கோட்டிங் அடிக்கும்போது ஃபைபர் வலைய முதல் கோட்டுக்குள்ள அழுத்தி வெச்சு ரெண்டாவது கோட் அடிங்க. ஸ்லாப்லயே, பீம்லயே விரிசல் தெரிஞ்சா மேஸ்திரிகிட்ட கேக்காதீங்க, ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர வரச்சொல்லுங்க.

வெள்ளையா உப்பு பூக்குது

பெங்களூருல போர்வெல் தண்ணியால டைல்ஸ் மேல வெள்ளைக் கறை படியறது வேற, தரையிலேருந்து உப்பு பூக்கறது வேற. டைல் முகத்துல, குழாய்க்குக் கீழ படிஞ்சா அது தண்ணிக் கறை. ஜாயின்ட் வழியாவும் வெறும் ஸ்க்ரீட் மேலயும் பஞ்சு மாதிரி வந்தா, உள்ள ஈரம் நடமாடுது, அந்த ஈரம் சாந்துல இருக்கற உப்ப கரைச்சு மேல கொண்டு வந்து விட்டுட்டு தான் மட்டும் ஆவியாகுது. ஆசிட் ஊத்தாதீங்க, அது சிமெண்ட்டையும் க்ரவுட்டையும் சேத்துத் தின்னும், உப்பு திரும்பவும் வரும். காஞ்ச பிரஷ்ல தேய்ச்சு எடுத்துட்டு ஈரம் எங்கேருந்துன்னு தேடுங்க.

ஒன்றரை அடி சதுர பாலிதீன தரையில விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி, குறைஞ்சது 16 மணி நேரம் விட்டுப் பாருங்க. அடியில நீர் முத்து கோத்திருந்தா, இல்ல அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு. ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் இங்க மழையில ஸ்க்ரீட் காய ரொம்ப நாள் எடுக்கும், ஜன்னல் திறந்து ஒரு டேபிள் ஃபேன் ஓடவிடுங்க.

பாத்ரூம ஒட்டின பெட்ரூம் சுவத்துல பெயிண்ட் பொரியுது

கீழேருந்து ஒரு அடிக்குள்ள பொரிஞ்சா தரைக் கோட்டிங் சுவத்துல ஏறல, தரையோட நிறுத்திட்டாங்க. குறைஞ்சது 1 அடி ஏத்தணும், ஷவர் நிக்கற பக்கம் 6 அடி வரைக்கும். கதவு நிலைக்குக் கிட்ட மட்டும் பொரிஞ்சா வாசப்படி கிரானைட்டுக்கு அடியில தண்ணி போகுது, அந்தக் கல்ல எடுத்து கோட்டிங்க அதுக்கு அடியிலயும் இழுத்துட்டு அப்புறம் கல்ல திரும்ப வைக்கணும். சுவர் நடுவுல, இடுப்பு உசரத்துல பொரிஞ்சா அது தரையே இல்ல, குழாய் பைப்.

நாத்தம், கரப்பான்

ட்ராப்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, தண்ணி தெரியணும், 50 எம்எம் நிக்கணும். உபயோகிக்காத பாத்ரூம்னா காஞ்சு போயிருக்கும், ஒரு பக்கெட் ஊத்தினா சரி. தண்ணி நின்னும் நாறினா ட்ராப்ப சுத்தி இடைவெளி இருக்கு. பிவிசி மேல சிமெண்ட் ஒட்டாது, இத ப்ளம்பரும் மேஸ்திரியும் ரெண்டு பேருமே கண்டுக்க மாட்டாங்க. ட்ராப்போட வெளிப்பக்கத்த உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பாக்கி, சுத்தி நான்-ஷ்ரிங்க் க்ரவுட் அடைச்சு, கோட்டிங்க ட்ராப் வாய்க்கு உள்ள வரைக்கும் இறக்கி அடிக்கணும்.

கோட்டிங் தோலா உரிஞ்சு வருது

அடிக்கறதுக்கு முன்னாடி தரையில ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாத்திருக்கணும். உருண்டையா நின்னா எண்ணெயோ பெயிண்டோ பழைய கெமிக்கலோ இருக்கு, தேய்ச்சு எடுக்காம எதுவும் பிடிக்காது. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் பழைய வீட்ல ரெட் ஆக்சைடு தரையும் கடப்பா கல்லும் இதே மாதிரிதான் தண்ணிய தள்ளும், கொத்து விட்டு சொரசொரப்பாக்கணும். பவுடரும் லிக்விடும் சேத்துக் கலக்கற ரகம்னா பாக்கெட்ல போட்ட அளவுதான், இஷ்டத்துக்குத் தண்ணி சேத்தா பெயிண்ட் மாதிரி மெலிஞ்சு போகும். முதல் கோட் ஒரு திசை, அது காஞ்சதும் ரெண்டாவது கோட் குறுக்க. அதுக்கு அப்புறம் ஆணிச் செருப்போ ஏணியோ உள்ள வரக்கூடாது, சுவர் கட் பண்ற வேலை பாக்கி இருந்தா அது கோட்டிங்குக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

பாக்கெட்ல சொன்ன நாள் காஞ்ச அப்புறம் தண்ணி கட்டுங்க, 48 மணி நேரம், முடிஞ்சா 72. தண்ணி மட்டத்த சுவத்துல கோடு போட்டு போட்டோ எடுங்க, கீழ்வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி அவங்க சீலிங்கையும் அதே அன்னிக்கு ஒரு போட்டோ எடுத்து வைங்க. கொஞ்சம் ஆவியாகும், ஆனா அரை இஞ்ச் இறங்கினா ஆவின்னு சமாதானம் சொல்ல விடாதீங்க.

டைல்ஸ் ஒட்டற அன்னிக்கு

பழைய டைல் மேலயே ஒட்டலாமான்னு கேக்கறவங்களுக்கு, தட்டினா ஒரு இடம்கூட காலிச் சத்தம் இல்லாம, கசிவே இல்லாம, கதவுக்கு இடமும் இருந்தா மட்டும் ஒட்டலாம், அதுக்குன்னு பாக்கெட்ல எழுதின அடெசிவ்ல. கசிவு இருந்தா கூடாது.

விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதத்துக்கும் கம்மியாத்தான் தண்ணி குடிக்கும், வெறும் சிமெண்ட் பால் அதுல வேர் பிடிக்காது. அடெசிவ் பாக்கெட்ல ஐஎஸ் 15477 (டைல் அடெசிவுக்கான இந்தியத் தர எண்) முத்திரையும், உங்க டைலுக்கு எந்த டைப்னு எழுதினதும் பாத்து வாங்குங்க. அஞ்சு இடத்துல உருண்டை வெச்சு அமுக்கறத ஒத்துக்காதீங்க, நடுவுல விழற காலியில தண்ணி தங்கும். பல் வெச்ச கரணையால ஒரே திசையில இழுத்து, பெரிய டைல்னா பின்பக்கமும் மெல்லிசா தடவணும். சுவரோரம் 5, 6 எம்எம் விட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. முதல் டைல் ஒட்டினதும் உடனே அத பேத்துத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. பின்பக்கம் 95 சதவீதம் அடெசிவ் ஒட்டியிருக்கணும், வரி வரியா வெறுமை தெரிஞ்சா பெரிய பல் கரணைக்கு மாத்தி, மறுபடி ஒண்ணு ஒட்டிப் பேத்துப் பாத்துட்டு அப்புறம் மீதிய ஒட்டச் சொல்லுங்க.